பதவி போனாலும் பிரீஃபை விடாத வக்கீல்

"அவனுக்குப் போய் எப்படி சார் ஆஜராகுறீங்க?" கிரிமினல் வழக்கு நடத்துகிற எந்த வக்கீலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. கல்யாணப் பந்தியில்கூடக் கேட்பார்கள். அப்போதெல்லாம் நான் எடுத்துவிடுவது தாமஸ் எர்ஸ்கின் கதையைத்தான்.

1750-இல் எடின்பரோவில் பிறந்தவர். பிரபு குடும்பம்தான், ஆனால் கையில் காசில்லை. கடற்படை, தரைப்படை என்று இருந்துவிட்டு 1778-இல் லண்டனில் வக்கீலானார். அதே ஆண்டு முதல் வழக்கு. கிரீனிச்சில் வயதான மாலுமிகளுக்கான இல்லத்தில் நடந்த முறைகேடுகளை அம்பலப்படுத்திய கேப்டன் பெய்லி மீதே அவதூறு வழக்கு போட்டிருந்தார்கள். எர்ஸ்கின் நேராகக் கடற்படைத் தலைமையில் இருந்த சாண்ட்விச் பிரபுவைக் குற்றம்சாட்டினார். அவர் இந்த வழக்கில் இல்லையே என்று தலைமை நீதிபதி மான்ஸ்பீல்ட் குறுக்கிட்டார். அதனால்தான் அவரை இங்கே இழுக்கிறேன் என்றார் எர்ஸ்கின். நீதிபதி முகம் சுளித்தாலே வாதத்தைச் சுருக்கிக்கொள்ளும் ஜூனியர்கள் இதைக் கவனிக்கலாம். வழக்கு ஜெயித்தது, பிரீஃப்கள், அதாவது வாதாடும் வழக்குகள், குவிந்தன. 1783-இல் போர்ட்ஸ்மத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். கோர்ட்டில் சிங்கமாக இருந்தவர் அங்கே எடுபடவில்லை.

சோதனை 1792-இல் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்து பிரிட்டிஷ் அரசு மிரண்டுபோயிருந்த நேரம். 'மனிதனின் உரிமைகள்' எழுதிய தாமஸ் பெயின் மீது அரச நிந்தனை வழக்கு. எர்ஸ்கின் அப்போது வேல்ஸ் இளவரசரின் அட்டர்னி ஜெனரல், அதாவது இளவரசரின் தலைமை வக்கீல். இந்த வழக்கை எடுக்காதே என்று பெரிய இடத்திலிருந்தே சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. கட்சிக்காரரான பெயினோ பிரான்சில் இருந்தார். ஜூரிகள் எழுந்துபோய்க் கலந்து பேசக்கூட இல்லாமல் குற்றவாளி என்றார்கள். எர்ஸ்கினின் பதவியும் போனது.

ஆனால் அன்று அவர் வைத்த வாதம் நிலைத்துவிட்டது. குற்றச்சாட்டைப் பார்த்து நானே ஒருவரைக் கைவிட்டால், விசாரணைக்கு முன்பே நான் நீதிபதி ஆகிவிடுகிறேன் என்பதே அதன் சாரம். இரண்டே ஆண்டில், 1794-இல், செருப்புத் தைக்கும் தாமஸ் ஹார்டி ராஜத் துரோக வழக்கில் சிக்கினார். நிரூபணமானால் மரண தண்டனை. எர்ஸ்கின் வாதாடினார், ஹார்டி விடுதலையானார்.

அவரைப் புனிதராக்க வேண்டாம். 1797-இல் பெயினின் இன்னொரு நூலை விற்றவருக்கு எதிராக ஆஜரானதும் இதே எர்ஸ்கின்தான். 1806-இல் லார்ட் சான்சலர் என்ற உயர்ந்த நீதித்துறைப் பதவிக்கு வந்தார். அந்த நாற்காலி அவருக்குப் பொருந்தவில்லை.

சரி, இது நமக்கு எதற்கு? கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் மோதல் வந்தபோது, அந்தப் போலீசாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010-இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பில் எர்ஸ்கின் பெயின் வழக்கை எடுத்த கதை விரிவாகவே வருகிறது.

இன்றும் சில ஊர்களில், கொடூரமான குற்றம் நடந்தால் 'யாரும் ஆஜராக மாட்டோம்' என்று அறிவிப்பு வரும். பேப்பரில் படித்துக் கைதட்டுகிறோம். பொய்ப் புகாரில் மாட்டியவர் வீட்டாரும் அதே செய்தியைத்தான் படிக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது: அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவுப்படி, கைதானவர் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம். வக்கீல் கிடைக்கவில்லை, பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்டு மனு கொடுக்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. இலவச எண் 15100.