கம்பமெட்டா, குமுளியா: எலி மண்டைக்குள் ஓடும் ஜீப்

கம்பத்திலிருந்து மலையேற இரண்டு வழி. நேரே கூடலூர், லோயர்கேம்ப் தாண்டிக் குமுளி, இல்லையென்றால் ஊருக்குள்ளேயே மேற்கே திரும்பிக் கம்பமெட்டு. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்றில் நானும் ஒருநாள் தொற்றிக்கொண்டேன். போக வேண்டியது அணக்கரைப் பக்கம், எப்படிப் போனாலும் போய்ச் சேரலாம். ரோடு பிரியும் இடத்தில் டிரைவர் வண்டியை மெதுவாக்கினார். தலை வலப்பக்கம் போனது, நேரே பார்த்தது, மறுபடி வலப்பக்கம். தூக்குவாளியை மடியில் வைத்திருந்த அக்கா ஒருவர், “என்னண்ணே, ரோடு மறந்துபோச்சா?” என்று கேட்க, ஜீப்பே சிரித்தது.

உண்மையில் அந்த நொடியில் அவர் இரண்டு ரோட்டையும் முழுசாக நினைத்துக்கொண்டிருந்தார்.

வழி பிரியும் இடத்தில் எலியும் இப்படித்தான் நின்று தலையை அங்கும் இங்கும் ஆட்டும். எட்வர்ட் டோல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1930களிலேயே இதைக் கவனித்து, எலி மனசுக்குள் இரண்டு வழியிலும் போய்ப் பார்க்கிறது என்று நினைத்தார். எலிக்கு ஏது மனசு என்று கேட்டால் பதில் சொல்ல அப்போது கருவி இல்லை. 1971இல் ஜான் ஓ'கீஃப், ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகத் துடிக்கும் செல்கள் இருப்பதைக் காட்டினார். நம் ரோட்டில் வைத்துச் சொன்னால் லோயர்கேம்ப் வந்தால் ஒரு செல், முதல் கொண்டை ஊசி வளைவுக்கு இன்னொன்று. எந்தச் செல் துடிக்கிறது என்று பார்த்தாலே எலி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

2007இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆடம் ஜான்சனும் டேவிட் ரெடிஷும் பார்த்தது இதைவிட வினோதம். எலி முச்சந்தியில் அசையாமல் நிற்கிறது, ஆனால் துடிப்பதெல்லாம் முன்னால் இருக்கும் பாதையின் செல்கள். முதலில் ஒரு கிளை, அப்புறம் மற்றொன்று. காலை எடுத்து வைக்காமலேயே போய்விட்டு வந்துவிடுகிறது! 2020இல் லோரன் ஃபிராங்க் என்ற நரம்பியலாளரின் குழு, இரண்டு வழிகளும் நொடிக்கு எட்டு முறை என்ற வேகத்தில் மாறி மாறி வந்துபோவதையும் காட்டியது. ஞாபகம் என்றால் பழசைப் பூட்டி வைக்கும் பெட்டி என்றுதான் நாம் பேசுகிறோம். எனக்கென்னவோ அதன் பெரிய வேலை இந்த வெள்ளோட்டம்தான் என்று படுகிறது.

சரி, தினமும் போகிற வழியில் ஏன் இந்தத் தயக்கம் வருவதில்லை? 1996இல் பேக்கார்டும் மெக்காவும் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. கூட்டல் குறி வடிவப் பாதையில், தெற்கு முனையிலிருந்து கிளம்பி இடப்பக்கம் திரும்பினால் தீனி. எட்டாம் நாள் எலியை வடக்கு முனையில் விட்டார்கள், பெரும்பாலானவை தீனி இருந்த இடத்துக்கே சரியாகப் போயின. பதினாறாம் நாள் அதே சோதனையில் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கமே திரும்பி, எதிர்ப்பக்கம் போய் நின்றன. வழி பழக்கமாகிவிட்டது, பழக்கம் நடத்துவது காடேட் என்ற வேறொரு பகுதி. அந்தப் பகுதியை லிடோகைன் போட்டு (பல் பிடுங்கும்போது போடும் அதே மருந்து) மரத்துப்போக வைத்ததும் எலிகள் மறுபடி சரியான இடத்துக்குப் போயின. மண்டைக்குள் இருந்த இடத்தின் வரைபடம் அழியவே இல்லை, பழக்கத்துக்கு அடியில் கிடந்திருக்கிறது.

நம் டிரைவருக்கும் இது நடந்திருக்கிறது. சபரிமலை சீசனில் ஏறுவது கம்பமெட்டு வழி, இறங்குவது குமுளி வழி என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள். அது நன்றாகத் தெரிந்தும் முதல் நாள் நேரே குமுளி ரோட்டில் விட்டு, போலீஸ் மறித்துத் திருப்பி அனுப்பியதாம். “கை தானா போயிருச்சுங்க” என்றார்.

எலிகள் வருத்தப்படவும் செய்கின்றன. 2014இல் ஸ்டைனரும் ரெடிஷும் எலிகளுக்கு நான்கு தீனிக் கடைகளை வரிசையாக வைத்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு காத்திருப்பு. சீக்கிரம் கிடைக்கும் கடையைத் தாண்டி வந்து அடுத்ததில் நெடுநேரம் காக்க வேண்டியதானால், எலி நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறது. அப்போது விட்டுவிட்டு வந்த கடைக்கான செல்கள் துடிக்கின்றன.

அன்று நாங்கள் கம்பமெட்டு வழியாகத்தான் போனோம். செக்போஸ்டில் ஜீப்புகள் வரிசைகட்டி நின்றன. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, ஏறி வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.