.36 என்று எழுதியிருந்தால் குண்டும் .36 தானா?

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் பட்டறைக்குப் பழுதுபார்க்க வருபவற்றில் பெரும்பாலானவை, கடையம், களக்காடு போன்ற மலையடிவார ஊர்களில் பயிர்க் காவலுக்காக உரிமம் பெற்று வைத்திருக்கும், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கிகளே ஆகும். அவற்றின் குழல் உட்புறம் வழவழப்பானது. மருந்தின் மேல் வைக்கும் அடைப்பு இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் போதும். சுழலும் உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தையும் குண்டையும் முன்புறமிருந்து இட்டுச் சுடும் கருமருந்து ரிவால்வர் அப்படிப்பட்டதன்று.

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பாட்டனார் காலத்து ரிவால்வர் ஒன்றை உரிமப் புத்தகத்தோடும் ஒரு டப்பா ஈயக் குண்டுகளோடும் கொண்டுவந்தார். அமெரிக்கக் கோல்ட் நிறுவனத்தின் 1851ஆம் ஆண்டு நேவி மாதிரியில் அமைந்த, ஆறு அறைகள் கொண்ட கருவி அது. உரிமத்தில் .36 என்று எழுதியிருந்ததால், சரியாக 0.36 அங்குலத்துக்கு அச்சு செய்து குண்டுகளை வார்த்திருந்தார்கள். "ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா தம்பி?" என்று கேட்டார். மருந்தில்லாத அறை ஒன்றில் குண்டைப் போட்டு உருளையைக் கவிழ்த்தேன். குண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. "சார், இது இந்த அறையில் நிற்கவே நிற்காது" என்றேன்.

.36 என்பது, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களை உட்புறம் வெட்டுவதற்கு முன் குழலுக்கு இருந்த அளவைத் தழுவிய பெயர். குண்டின் விட்டம் அன்று. இவ்வகைக்கு வழக்கமாக 0.375 அல்லது 0.380 அங்குலக் குண்டே இடப்படுகிறது; .44 என்று பெயர்பெற்ற 1860ஆம் ஆண்டு ஆர்மி மாதிரிக்கு 0.451 அல்லது 0.454. குண்டு அறையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்து, நெம்புகோலால் அழுத்தும்போது அதன் ஓரத்திலிருந்து மெல்லிய ஈய வளையம் ஒன்று முழுவட்டமாகச் சீவப்பட்டு வெளியே விழ வேண்டும். அவ்வளையம் ஒரு பக்கம் அறுந்து வந்தால்கூட நான் அந்த அளவை ஏற்பதில்லை. தளர்ந்த குண்டு, பக்கத்து அறை வெடிக்கும் அதிர்ச்சியில் முன்னே நகர்ந்து உருளையைச் சுழலவிடாமல் தடுக்கலாம். அதைவிட மோசமாக, தீப்பொறி இடைவெளி வழியே நுழைந்து, குழலுக்கு நேரே இல்லாத அறைகளும் சேர்ந்து வெடிக்கலாம். குண்டின் மேல் கொழுப்பைப் பூசிவிட்டால் தளர்வு சரியாகிவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. அது காப்புக்கு மேல் காப்பே தவிர, இறுக்கத்துக்கு மாற்றாகாது. பின்புறம், மருந்தைப் பற்றவைக்கும் சிறு தொப்பியான கேப் தளர்ந்திருந்தாலும் அதே ஆபத்து உண்டு.

அறைக்குப் பொருந்திய குண்டு குழலுக்கும் பொருந்திவிடும் என்று கொள்வதற்கில்லை. அறை வாயின் விட்டம் வரிப்பள்ளத்தின் விட்டத்துக்குச் சமமாகவோ ஒரு நூலிழை கூடுதலாகவோ இருக்க வேண்டும். இந்தக் கருவியிலோ நான் அளந்த ஓர் அறை 0.372, குழலின் பள்ளம் 0.378. எவ்வளவு பெரிய குண்டை இட்டாலும் அறை அதனை 0.372 ஆகச் சீவிவிடும். பிறகு குழலில் ஆயிரத்தில் ஆறு பங்கு அங்குல இடைவெளி வழியே அனல்வாயு முந்திக்கொண்டு ஓடி, ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். மென்மையான ஈயம் வெடிப்பின் அழுத்தத்தில் சற்று விரிந்து இக்குறையை ஓரளவு மறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பேட்டரித் தகட்டை உருக்கி வார்த்த, ஆன்டிமனி கலந்த கெட்டி ஈயத்திடம் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. அத்தகைய குண்டை அழுத்தினால் நெம்புகோல்தான் வளையும். நகத்தால் கீறினால் கோடு விழும் ஈயமே ஏற்றது.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இம்மாதிரியின் குழலில் ஏழு வரிப்பள்ளங்கள் இருப்பதால், ஒரு பள்ளத்துக்கு எதிரே மேடுதான் வரும்; ஈயக் கட்டியைக் குழலில் செலுத்தி எடுத்துச் சாதாரண மைக்ரோமீட்டரில் வைத்தால் உண்மையான விட்டத்தைவிடக் குறைவாகவே காட்டும். வி வடிவத் தாங்கி கொண்ட மைக்ரோமீட்டர் வேண்டும். அறைகளையும் ஒன்றை மட்டும் அளந்து நிறுத்திவிடக் கூடாது. இதில் ஆறும் ஆறு அளவாக இருந்தன.

அறைகளைக் கடைந்து பெரிதாக்கித் தர முடியுமா என்று ஆசிரியர் கேட்டார். புதிதாகச் செய்யப்பட்ட பிரதிகளில் அதைச் செய்பவர்கள் உண்டு. நூற்றைம்பது ஆண்டைக் கடந்த இரும்பில், அறைகளுக்கு இடையிலுள்ள சுவரை மேலும் மெலிதாக்க நான் உடன்படவில்லை. பழையது என்பதாலேயே உரிமம் வேண்டாம் என்று எண்ணுவோருக்காகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாத பழம்பொருளுக்கே உரியது, இந்த ரிவால்வரின் பொறியோ இன்றும் ஓடுகிறது. எண்ணெயிட்டுத் துடைத்து, உரிமப் புத்தகத்தோடு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஈயக் குண்டுகளைப் பட்டறையிலேயே விட்டுச் சென்றார்.