குதிரைக்குட்டியும் இல்லை, ரயிலும் இல்லை

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் ஜோசப் என்ற ஊர். அங்கே பாய்ந்தோடும் குதிரையும் அதன்மேல் ஓர் ஆளுமாக ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. ஹெர்மன் மெக்நீல் வடித்தது, 1940-இல் திறந்தார்கள். குதிரைகளில் கடிதம் கொண்டுபோன ‘போனி எக்ஸ்பிரஸ்’ என்ற சேவையின் நினைவாக வைத்த சிலை. அதைக் காட்டும் ஒரு பயணக் காணொளியில் அதைத் தமிழாக்கி ‘குதிரைக்குட்டி விரைவு ரயில் நினைவிடம்’ என்கிறார்கள். இந்தப் பெயர் என் காதில் விழுவது மூன்றாவது முறை.

போனி என்றால் மட்டக்குதிரை. அச்சொல்லின் லத்தீன் வேர் குட்டியைக் குறித்தது உண்மைதான். அதற்காகக் குட்டியின் முதுகில் ஏறி யாரும் நெவாடா பாலையைக் கடக்கவில்லை. எக்ஸ்பிரஸ் என்பது இதற்கென்றே தனியாக அனுப்பும் ஆளையோ செய்தியையோ குறித்த சொல். ரயில் அந்தப் பெயரைப் பிறகுதான் எடுத்துக்கொண்டது.

எனக்குப் பொறுக்காதது அந்த ‘ரயில்’தான். கிழக்கிலிருந்து வந்த தண்டவாளம் செயின்ட் ஜோசப்போடு நின்றுபோனது. அதற்கு மேற்கே ரயில் இல்லாததால்தான் 1860 ஏப்ரலில் குதிரையைத் தேடினார்கள்! கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ வரை ஏறத்தாழ 1,900 மைல், பத்து நாள் பயணம். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு புதுக் குதிரை. கடிதப் பைகள் தைத்த தோல்விரிப்பை இந்தச் சேணத்திலிருந்து உருவி அந்தச் சேணத்தில் போட்டுவிட்டுப் பறப்பார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஆளும் மாறுவார்.

இப்படி கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவதற்குத் தமிழில் சொல் இல்லையா? அஞ்சல் என்பதே அதுதான். இன்று அது கடிதத்தோடு ஒட்டிக்கொண்டாலும் பழைய பொருள் சாகவில்லை. குச்சியைக் கைமாற்றி ஓடும் பந்தயத்தை ஈழத்தவர் இன்றும் அஞ்சலோட்டம் என்கிறார்கள். ஆக, ‘குதிரையஞ்சல்’ என்றால் கடிதமும் வந்துவிடுகிறது, கைமாற்றும் வந்துவிடுகிறது. ‘குதிரைத் தூது’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். தூதர் ஒருவருக்காகப் போய்ப் பேசுபவர்; இவர்கள் பூட்டிய பையைச் சுமந்தவர்கள். அதுவும் சரிவராது.

அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள். அந்த ஊரில் என்ன ஓடியது என்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் இந்த ரயில் வந்திருக்குமா?

அப்புறம் அந்த ‘நினைவிடம்’. நம் வழக்கில் அது பெரும்பாலும் ஒருவரை அடக்கம் செய்த இடம். செயின்ட் ஜோசப்பில் அந்தச் சிலைக்கு அடியில் யாரும் இல்லை. குதிரையஞ்சல் நினைவுச் சிலை என்று சொன்னால் போதும்.