கலயத்தை அப்புறம் வாங்கலாம்

மாமனார் ஐசியூவில் இருந்தபோதே மருமகள் ஆன்லைனில் அஸ்திக் கலசம் ஆர்டர் போட்டுவிட்டார். குறை சொல்லவில்லை, முன்யோசனைக்காரர். பித்தளை, சுற்றிலும் தாமரை வேலைப்பாடு, திருகு மூடி. படத்தில் குடம் மாதிரி இருந்ததாம். தகனத்துக்கு மறுநாள் காலை கண்ணம்மாபேட்டை மயானத்தில் பெட்டியைப் பிரித்தால் காபி ஃபில்டர் அளவுகூட இல்லை. வாய் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தட்டில் இருந்த எலும்பில் ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை. பெரிய மகன் ஒன்றை எடுத்து உடைக்கப் பார்த்தார். தங்கை "வேணாம்ணா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மயான ஊழியர் ஒன்றும் பேசாமல் ஒரு மண் கலயத்தை நகர்த்தி வைத்தார்.

சென்னையில் இறுதிச் சடங்குக்கான ஏற்பாடுகளைச் செய்து கொடுப்பது என் தொழில். ஃப்ரீசர் பாக்ஸ், வண்டி, மயானத்தில் நேரம் வாங்குவது, மறுநாள் அஸ்தி எடுத்துக் கொடுப்பது வரை எங்கள் பொறுப்பு. கொஞ்ச காலமாக ஒரு புதுக் கேள்வி வருகிறது: "நல்ல அர்ன் எங்கே கிடைக்கும்?" அஸ்திக் கலசத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கடைசியில் அஸ்தி எங்கே போகப் போகிறது? அதற்குப் பதில் இல்லாமல் பாத்திரம் வாங்கினால் தாமரைக் கலசத்தின் கதைதான்.

அந்தக் கலசத்தின் மேலும் தப்பு இல்லை. வெளிநாடுகளில் தகனம் முடிந்ததும் எலும்பை இயந்திரத்தில் அரைத்து மணல் மாதிரி ஆக்கிக் கொடுக்கிறார்கள். கலசங்களின் அளவெல்லாம் அந்தப் பொடியை நினைத்துச் செய்தவை. நம்மூரில் பெரும்பாலும் அந்த அரவை கிடையாது. சாம்பல் என்று வாய்வார்த்தையாகச் சொன்னாலும், எரிவாயு மேடையில் மிஞ்சுவது பெரும்பாலும் எலும்புதான், விரல் நீளத் துண்டுகளாகவே வரும். பெரியவர் ஒருவருக்கு மொத்தம் இரண்டிலிருந்து மூன்று கிலோ இருக்கும். பொடியாக்கினால் சுமார் மூன்று லிட்டர் வரை இடம் பிடிக்கும். இணையக் கடைகளில் 200 கன அங்குலம் என்று போட்டிருப்பது ஏறக்குறைய 3.3 லிட்டர், அதாவது முழு அளவுக் கலசம். 'கீப்சேக்' என்று போட்டிருந்தால் அது ஒரு சிட்டிகைக்கானது. படத்தை நம்பாமல் கொள்ளளவையும் வாயின் அகலத்தையும் பாருங்கள். உள்ளங்கை நுழையாத பாத்திரம் இங்கே உதவாது.

கடலிலோ ராமேஸ்வரத்திலோ கரைக்கப் போகிறீர்கள் என்றால் மண் கலயமே போதும். என் அபிப்பிராயத்தில் அதைவிட நல்ல பாத்திரம் இன்னும் யாரும் செய்யவில்லை. அகல வாய், மலிவு, உடைந்தாலும் மண்ணோடு மண். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் கவரும் நைலான் கயிறும் கரையாது. பெசன்ட் நகர் கரையில் ஜனவரியிலிருந்து ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் அந்தக் கவர்கள் மிதப்பதைப் பார்க்கச் சகிக்காது. கவரைப் பிரித்துக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

அப்புறம், காற்று. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மத்தியானத்துக்கு மேல் சென்னையில் கடல்காற்று கரையைப் பார்த்து வீசும். அந்த நேரத்தில் கடலைப் பார்த்து நின்று அஸ்தியைத் தூவினால் முகத்தில்தான் வந்து விழும். அழுதுகொண்டிருப்பவர்கள் கண்ணைத் துடைத்தபடி இருமுவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் போங்கள். தூவாமல் கலயத்தைத் தண்ணீருக்குள் இறக்கிச் சாய்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்து, ஒரு பங்கை அங்கே கொண்டுபோக வேண்டும் என்றால் கணக்கே வேறு. உலோகக் கலசம் வேண்டாம். எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது தெரியாது. தெரியாவிட்டால் அமெரிக்க விமான நிலையங்களில் அதைச் சோதனையைத் தாண்டி விடமாட்டார்கள். "திறந்து பாருங்கள்" என்று நீங்களே கேட்டாலும், மரியாதை கருதி அதிகாரிகள் திறப்பதில்லை. மரப்பெட்டி அல்லது பிளாஸ்டிக் டப்பா எடுத்துக்கொண்டு கைப்பையில் வையுங்கள். இறப்புச் சான்றிதழ், மயானத்தில் தரும் தகனச் சான்று இரண்டும் கூடவே இருக்கட்டும். விமான நிறுவனத்திடமும், போகிற நாட்டின் தூதரகத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இங்கே நம் ஆட்கள் மாட்டுவது இனிஷியலில். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, மயான ரசீதில் அவசரத்தில் எழுதியது வேறு மாதிரி. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அந்த விண்ணப்பத்தில் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. துக்கத்தில் கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒரு சித்தப்பாவையோ மாப்பிள்ளையையோ அந்த வேலைக்கு உட்கார வையுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களும் இப்போது தகனம் பற்றிக் கேட்கிறார்கள். வத்திக்கான் அதை 1963-லேயே அனுமதித்துவிட்டது. ஆனால் 2016-ல் வந்த அறிவுறுத்தல், அஸ்தியைத் தூவுவதையும், பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வதையும், நகையில் பதிப்பதையும் ஏற்கவில்லை. கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. கலசம் பார்க்கும் முன் பங்குத்தந்தையைப் பார்ப்பது உத்தமம்.

வீட்டில் வைக்கலாமா? நம் வீடுகளில் பாட்டி ஒருவர் "கூடவே கூடாது" என்பார். நான் அந்த வாதத்தில் தலையிடுவதில்லை. வைத்தால் யாராவது ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். காந்தியின் அஸ்தியில் ஒரு பங்கு ஒடிசாவின் கட்டாக்கில் வங்கிப் பெட்டகத்திலேயே பல பத்தாண்டுகள் கிடந்து, 1997 ஜனவரி 30 அன்றுதான் அலகாபாத் சங்கமத்தில் கரைக்கப்பட்டது. தேசப்பிதாவுக்கே அந்த நிலை என்றால் நம் வீட்டு அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இனி நினைவுப்பொருள்கள். அஸ்தியிலிருந்து வைரம் செய்து தருவதாக விளம்பரம் வருகிறது. வைரம் என்பது கார்பன். 800 டிகிரிக்கு மேல் எரியும்போது உடம்பின் கார்பனில் கிட்டத்தட்ட எல்லாமே புகையோடு போய்விடும். மிஞ்சுவது கொஞ்சம்தான். தலைமுடியின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன், ஆகவே அந்த ஆசை இருந்தால் முடியை எடுத்து வையுங்கள். வந்து சேர்ந்த கல் உங்கள் அம்மாவிடமிருந்து வந்ததுதானா என்று அந்தக் கல்லைச் சோதித்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. நான் யாரையும் தடுத்ததில்லை, சிபாரிசு செய்ததும் இல்லை. ரெசினில், அதாவது கண்ணாடி மாதிரி இறுகும் பிசினில், அஸ்தியைப் பதித்த கழுத்து டாலருக்கு விலை குறைவு, ஆனால் வெயில் படப்பட மஞ்சளாகும். அஸ்தியைப் போட்டு மரக்கன்று வைப்பது அழகான எண்ணம்தான். ஆனால் அஸ்தியில் காரத்தன்மையும் உப்பும் அதிகம். தொட்டியில் அப்படியே கொட்டினால் மல்லிச்செடி கருகிவிடும். ஒரு கைப்பிடியை நிறைய மண்ணோடு கலந்து, வேருக்குத் தள்ளிப் போடுங்கள்.

உண்மையில் நினைவுப்பொருளுக்கான நேரம் தகனத்துக்கு முன்னால்தான். ஒரு கொத்து முடி, வெள்ளைத்தாளில் கட்டைவிரல் ரேகை, இவ்வளவுதான். இருந்தால் பிற்பாடு வெள்ளியிலோ கண்ணாடியிலோ எதில் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எடுக்காமல் விட்டது விட்டதுதான். இறந்தவருடைய போனில் இருக்கும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அந்தக் கணக்கு அழிக்கப்படலாம். உடம்பில் பேஸ்மேக்கர் இருந்தால் எங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது தீயில் வெடிக்கும்.

மூட்டு மாற்று உலோகம் வெடிக்காது, எரியவும் எரியாது. மயிலாப்பூர் அம்மா ஒருவரின் அஸ்தித் தட்டில் அது கிடந்தது, கருத்துப்போய், கிண்ணத்தை அறுத்த மாதிரி ஒரு வளைவு. ஊழியர் கம்பியால் ஓரமாக ஒதுக்கினார். மகன் குனிந்து பார்த்து, "இது என்ன சார்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதைப் போட்ட வருஷம்தான் அம்மா அறுபத்துமூவர் திருவிழாவுக்கு நாலு மாட வீதியும் நடந்து வந்தாங்க" என்றார். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கலயத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார்.