தேசிக்காயும் 12.6 வோல்ற்றும்

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. “அண்ணை, மாசி வெட்டு முடிஞ்சு நிப்பாட்டின ட்ரக்ரர். விதைப்பு வருது. பற்றரியைக் கழட்டிச் சார்ஜ் போட்டன், மீற்றரில 12.6 காட்டுது. சாவியைத் திருப்பினா ‘டிக்’ எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். பற்றரி போச்சு எண்டுறார் மெக்கானிக். மனிசி சொல்லுறா, ஆயுதபூசைக்குச் சில்லில தேசிக்காய் வைக்காத பிழையாம்.”

தேசிக்காயில் இருந்தே தொடங்குவோம். பாடசாலையில் செய்திருப்பீர்கள்: ஒரு தேசிக்காயில் நாகம் பூசிய கூரை ஆணியையும் செப்புக் கம்பியையும் குத்தினால் ஏறத்தாழ 0.9 வோல்ற் வரும். 14 தேசிக்காயைத் தொடராக இணைத்தால் 12.6. உங்கள் மீற்றரில் வந்த அதே எண்! ஆனால் அந்தப் 14 காயும் சேர்ந்து தரக்கூடியது ஒரு மில்லி அம்பியர் அளவு மின்னோட்டம்தான். எஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டாட்டர் மோட்டரோ 200 அம்பியர் கேட்கும்.

எண் ஒன்றாக இருந்தும் ஏன் இந்த வித்தியாசம்? இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் துருசு (மதகு) அடைத்திருந்தால் வயலுக்கு நீர் வராது. மட்டம்தான் வோல்ற். துருசின் அடைப்பு, பற்றரிக்குள்ளேயே இருக்கும் அகத்தடை. மீற்றர் பற்றரியிடம் மின்னோட்டம் என்று சொல்லத்தக்க எதையும் கேட்பதில்லை, மட்டத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. அதனால் தேசிக்காய்க்கும் பற்றரிக்கும் வித்தியாசம் தெரியாது அதற்கு.

நல்ல பற்றரியின் அகத்தடை 0.01 ஓம் என்று வையுங்கள். 200 அம்பியர் ஓடும்போது உள்ளேயே 2 வோல்ற் தொலையும், மிச்சம் 10.6. அதில் எஞ்சின் சுற்றும். அகத்தடை 0.03 ஆகிவிட்டால் தொலைவது 6 வோல்ற். மிச்சம் இருக்கும் 6.6-இல் ஸ்டாட்டர் முனகும், லைற் மங்கும்.

அகத்தடை ஏன் கூடுகிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். மின்னைக் கொடுக்கும்போது பற்றரியின் இரண்டு வகைத் தகடுகளும் ஈயசல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழையபடி திரும்பும். ஆனால் அந்த ஈயசல்பேற்று புதிதாக, மாவு போல இருக்கும்வரைதான் சுலபமாகத் திரும்பும். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் சிறு துணுக்குகள் மெல்லக் கரைந்து, பெரிய பளிங்குகளில் போய் ஒட்டுகின்றன. சின்னது தேய, பெரியது வளர்கிறது. ஆனையிறவில் அசையாமல் மெதுவாக வற்றும் பாத்தியில் உப்புக் கல் பெரிதாக விளையுமே, அந்த மாதிரி. மின் கடத்தாத இந்தக் கற்கள் தகட்டின் நுண்துளைகளை மூடிவிடும். சார்ஜர் ஏதோ மிச்ச இடத்தை நிரப்பும், கழற்றிய கையோடு பார்த்தால் மீற்றரும் அழகான எண்ணைக் காட்டும். மானாவாரிக் காணிக்காரரின் ட்ரக்ரர் அடுத்த காலபோக விதைப்பு வரை பங்குனி சித்திரை வெக்கையில் கிடக்கும்போது நடப்பது இதுதான். வெப்பநிலை 10 பாகை ஏறினால் தானாகச் சார்ஜ் இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வன்னி வெக்கையில் ஒரு பற்றரி எத்தனை போகம் தாங்கும் என்று அளக்கும் மாணவருக்குக் கொடுக்கும் காசை நான் வீண்செலவு என்று சொல்லமாட்டேன்.

சரி, சோதனைக்கு வருவோம். மீற்றரைப் பற்றரியின் இரண்டு முனைகளிலும் பிடித்தபடி வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பற்றரியில்தான் சந்தேகம். விழாமல் 12-க்கு மேலேயே நின்று ‘டிக்’ மட்டும் கேட்டால் பற்றரியிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை என்று அர்த்தம். வழியில் எங்கோ தடை: முனையில் பூத்த வெள்ளைப் படிவு, பற்றரியை ட்ரக்ரரின் உடலோடு இணைக்கும் எர்த் வயர், ஸ்டாட்டர் சுவிச்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே இடத்தில் 13.8-இலிருந்து 14.5 வரை வரவேண்டும். 12.4-இலேயே நின்றால், எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்ரனேற்றரையும் அதைச் சுற்றும் பெல்ற்றையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றர் பிழை, பற்றரி தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும். ஓல்ரனேற்றர் ஒன்றும் மாயமில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனத்துக்குக் காந்தமும் கம்பிச் சுருளும் பற்றி நான் படிப்பிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும்: சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவரும், பக்கத்தில் பீடி வேண்டாம்.

அடுத்த நாளே பதில் வந்தது. சாவியைத் திருப்பும்போது 12.5. அப்படியென்றால் பற்றரியிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை, வழியில்தான் தடை! இவ்வளவு நேரம் நான் விளக்கிய கல் உப்பு அதற்குள் விளைந்ததா என்று இன்னும் தெரியாது. எர்த் வயரின் போல்ற்றைக் கழற்றியிருக்கிறார். சேறும் துருவும். அரத்தாலே உரஞ்சி இறுக்கினாராம்.

பின்னேரம் மறுபடியும் எழுதினார். “அண்ணை, மிசின் ஸ்டாட் வருது. ஆனா சாவி திருப்பேக்க இப்ப 10.7-க்கு விழுது. முந்தி 12.5 இருந்ததே, இது பிழையோ?”

அதுதான் அண்ணை வேண்டியது. கல் உப்பு உங்கட பற்றரியில பெரிசா விளையேல்லை, சார்ஜ் போட்டது சரியான வேளையிலதான். இப்பதான் பற்றரி வேலை செய்யுது.