கூண்டு முதலில், கோழி அப்புறம்

துணிப்பையில் சுற்றி ஒரு பெட்டைக்கோழியைக் கொண்டுவந்தார்கள். பத்து நாளாகச் சரியாகத் தீனி எடுக்கவில்லையாம், நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு இருந்தது, கால்நடை மருத்துவரான என் மேசைக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. வீட்டில் இன்னும் ஐந்து இருக்கின்றன, தொற்றுநோயாக இருந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குப் பயம். அறுத்துப் பார்த்தேன். தீனியை அரைக்கும் அரைவைப்பையின் சுவரைக் குத்திக்கொண்டு நகத்தளவு கம்பித்துண்டு ஒன்று நின்றது. கூண்டுக்கு வலை அடித்தபோது வெட்டிப் போட்ட கம்பி.

கோழிக்குப் பல் கிடையாது. சின்னச் சின்னக் கற்களை விழுங்கி வைத்துக்கொண்டு அவற்றால்தான் தீனியை அரைக்கிறது, அதனால் மண்ணில் மினுக்குகிற எதையும் கொத்தி விழுங்கிவிடும். ஆணி, ஸ்குரூ, ஸ்டேப்ளர் முள், எல்லாவற்றையும் நான் உள்ளேயிருந்து எடுத்திருக்கிறேன். கூண்டு வேலை முடிந்ததும் நல்ல சக்தியுள்ள காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இரண்டு தடவை இழுங்கள். செம்புக் கம்பியும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது, அதைக் குனிந்து கண்ணால்தான் தேட வேண்டும். பழைய கதவு, ஜன்னல் பலகைகளை வைத்துக் கட்டுகிறீர்கள் என்றால் உரிந்துவரும் பழைய பெயிண்டைக் கவனியுங்கள். அதில் ஈயம் இருக்கலாம், கோழி கொத்தித் தின்றால் முட்டை வழியாக உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் அது போகும்.

இதெல்லாம் கோழி வருவதற்கு முன்னால் செய்தால்தான் நடக்கும். முதன்முதலாக வளர்ப்பவர்களில் பலர் குஞ்சுகளை ஆசையாக வாங்கிவிடுகிறார்கள், அவை அட்டைப்பெட்டியில் பல்பு சூட்டில் இருக்கும் ஐந்தாறு வாரத்துக்குள் கூண்டைக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள், அந்த வாரங்கள் எப்படி ஓடினவென்றே தெரியாது, கடைசியில் பாதி முடிந்த கூண்டுக்குள் கோழியை விட்டுவிட்டு அதைச் சுற்றியே ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து வரிசையை மாற்றுங்கள்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். கூண்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே மேயும் அடைப்பில் 8 முதல் 10 சதுர அடி. நெருக்கினால் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும், ரத்தம் ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் நிறுத்துவது கஷ்டம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அக்கறையுள்ளவர்களே அதிகம் தவறுகிறார்கள். குளிர் அடிக்கும், மழைச்சாரல் வரும் என்று நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி இறுக்கி மூடுகிறார்கள். ஒரு பெட்டை ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் எச்சமிடும், அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மூச்சில் வரும் ஈரம் வேறு. மூடிய கூண்டில் இந்த ஈரம் போக வழியில்லாமல் எச்சம் நொதித்து அம்மோனியா கிளம்பும். காற்றில் 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) அளவைத் தாண்டினால் அது கண்ணையும் மூச்சுக்குழாயின் உள்தோலையும் கெடுக்கும், பிறகு வருகிற சளி லேசில் விடாது. கண்ணில் நுரை கட்டி, தோள் சிறகில் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருக்கும் கோழியைப் பார்த்தால் நான் மருந்து எழுதுவதற்கு முன்னால் கேட்பது கூண்டைப் பற்றித்தான். நின்றுகொண்டு மோந்து பார்த்தால் தெரியாது. காலையில் கதவைத் திறந்ததும் கோழியின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து ஒரு மூச்சு இழுங்கள். கண் எரிந்தால் கோழிக்கு ராத்திரி முழுக்க அதே எரிச்சல்தான்.

கூரைக்குக் கீழே, கோழி அடையும் கம்பை விட உயரத்தில், எதிரெதிர்ப் பக்கங்களில் வலை அடித்த திறப்பு விடுங்கள். காற்று தலைக்கு மேலே ஓட வேண்டும், உட்கார்ந்திருக்கும் உடம்பில் நேராக அடிக்கக் கூடாது. உடம்பும் இடமும் காய்ந்திருந்தால் வளர்ந்த கோழி குளிரை நன்றாகவே தாங்கும், தாங்காதது ஈரத்தோடு சேர்ந்த குளிர்.

தரை பக்கத்து நிலத்தை விட மேடாக இருக்கட்டும். மேலே உமியோ மரச்சீவலோ 3, 4 அங்குலத்துக்குப் பரப்புங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிக் கையைத் திறந்தால் அது உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது, உடனே மாற்றுங்கள். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமி எச்சத்தோடு வெளியே வந்து, வெதுவெதுப்பான ஈரக் கூளத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். 3 முதல் 6 வாரக் குஞ்சுகள்தான் அதற்கு அதிகம் பலியாகின்றன. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிதான் முதலில் நனையும், பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது வலை. கடையில் கோழிவலை என்று கேட்டால் கொடுக்கும் மெல்லிய அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் உதவும். வெளியிலிருந்து வருவதை அது தடுக்காது. நாய் கடித்து இழுத்தால் கிழியும், கண் பெரிதாக இருப்பதால் கோழியின் காலைப் பிடித்து வெளியே இழுக்கவும் முடியும், எலியும் பாம்பும் தாராளமாக நுழையும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டியான வலை, போடுங்கள், ஸ்டேப்ளர் முள் அடித்து நிறுத்தாமல் வாஷரோடு ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். அடியில் வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷை மடக்கித் தரையில் பரப்பி மண் மூடுங்கள். தோண்டுகிற விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும், கம்பி தட்டுப்பட்டதும் பெரும்பாலும் விட்டுவிடும்.

அடையும் கம்பு 2 அங்குல அகலம், விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும், கோழிக்கு 8 முதல் 10 அங்குல இடம். முட்டையிடும் பெட்டி, நாலைந்து பெட்டைக்கு ஒன்று, கம்பை விடத் தாழ்வாக. பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே போய்த் தூங்கி எச்சமிட்டு வைக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு, கோழி வருவதற்கு முந்தின ராத்திரி, கூண்டுக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வெளியே வந்து சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற ஒவ்வொரு பொத்தலையும் விரலால் அளந்து பாருங்கள். சுண்டுவிரல் போனால் சுண்டெலியும் போகும். அப்புறம் ஒரு குடம் தண்ணீரைக் கூரையில் ஊற்றி எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். இதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது.

கோழி வந்ததும் முதல் ஒரு வாரம் வெளியே திறந்துவிடாதீர்கள், இதுதான் தன் இடம் என்று அது பழக வேண்டும். தினமும் இருட்டினதும் டார்ச்சோடு போய் எண்ணுங்கள், எண்ணிவிட்டு அடையும் கம்பின் அடிப்பக்கத்தில் வெள்ளைக் காகிதத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். காகிதத்தில் சிவப்புத் தீற்றல் விழுந்தால் அது ராத்திரியில் ரத்தம் குடிக்கும் உண்ணி. பகலில் பலகை இடுக்கில் ஒளிந்திருக்கும், அதனால் கோழியின் மேல் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.