செயலி: ஆப்பா, சிப்பா?

‘புதிய செயலி: இனி இணையம் இல்லாமலே செல்பேசி மொழிபெயர்க்கும்.’ இப்படி ஒரு செய்தி வந்தால் என்ன புரிந்துகொள்வது? செயலி என்றது ஆப்பை என்றால், கையில் இருக்கும் போனிலேயே போட்டுக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் சிப்பை என்றால், புதுப் போன் வாங்கியாக வேண்டும். பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம். எழுதியவருக்கு அந்தக் கவலையே இல்லை.

சொல் எளிது: செயல் + இ. நான்கு கால் உடையது நாற்காலி. செயல் உடையது செயலி. 1971இல் இன்டெல் நிறுவனத்தின் 4004 சிப் தொடங்கிவைத்த மைக்ரோபிராசசரை நம் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் ‘நுண்செயலி’ என்கிறது. பொருத்தம்தான், கூட்டுவதும் கழிப்பதும் அதுதானே. 2008இல் ஆப்பிள் ஆப் ஸ்டோரைத் திறந்தது. ‘அப்ளிகேஷன்’ சுருங்கி ‘ஆப்’ என்று எல்லார் வாயிலும் புழங்கியது. பத்திரிகைகள் கைக்குக் கிடைத்த செயலியை எடுத்து அதற்கும் மாட்டிவிட்டன.

‘இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே’ என்பார்கள். சிப்பைப் பற்றிப் பொறியாளர் மட்டும் பேசிய காலத்தில் அது சரி. 2017இல் ஐபோனின் ஏ11 சிப்பில் செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கென்றே தனிப் பகுதி வந்தது. செல்பேசிகளின் போக்கே இப்போது அந்தப் பக்கம்தான்: குரலை எழுத்தாக்குவது, படத்தைத் திருத்துவது போன்ற வேலைகள் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகாமல் கைக்குள்ளேயே நடக்கின்றன. ஆப்பும் சிப்பும் ஒரே வாக்கியத்தில் வந்தே தீரும். ‘இந்தச் செயலி பழைய செயலியில் இயங்காது’ என்று எழுதிப் பாருங்கள். பழைய போன் வைத்திருப்பவர் எதை மாற்றுவார்?

‘குறுஞ்செயலி’ என்று ஒட்டுப் போட்டவர்களும் உண்டு. நுண்செயலி சிப், குறுஞ்செயலி ஆப் என்றால், நுண்மைக்கும் குறுமைக்கும் அளவுகோல் வைத்தா படிப்பது? ஆப்பைச் சிலர் ‘பயன்பாடு’ என்பது அதைவிட மோசம். ‘வங்கிப் பயன்பாடு கூடியது’ என்றால் எது கூடியது? ஆப் என்றே வைத்துக்கொள்ளலாம் என்றால், ‘ஆப்பை இறக்கு’ என்றதும் தச்சர்தான் திரும்பிப் பார்ப்பார். அதற்குப் பயந்தோ என்னவோ, சில செல்பேசிகளின் தமிழ்த் திரையில் ஒற்றை ஆப்கூட ‘ஆப்ஸ்’!

என் கட்சி ‘நிரல்’. வரிசை என்று பொருள். இலக்கணத்தில் நிரல்நிறை படித்திருப்பீர்கள். கட்டளைகளின் வரிசைதானே ஆப்? புரோகிராமை ஏற்கெனவே நிரல் என்கிறோம். வங்கி நிரல், ரயில் நிரல் என்பதில் என்ன குறை? செயலியை விடவே மாட்டோம் என்றால், சரி, சிப்பையாவது ‘சில்லு’ என்று எழுதுங்கள்.